எனக்கும் ஒரு ஷாட்

சாவுக் காட்சி முடிந்ததும், பிணமாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சாவின் தோஷம் ஒட்டாமலிருக்க எங்கள் சீரியலில் அது வழக்கம். என் மகனாகச் செத்திருந்த தயாபரனும் மூக்குப் பஞ்சை எடுத்துவிட்டுச் சிரித்தான். விளக்கை அணைக்கப் போனார்கள். நான் பாடையருகிலேயே இருந்தேன்.

"எனக்கும் ஒரு ஷாட் வைங்க சார்."

"நீங்க சாகலையேம்மா," என்றார் டைரக்டர்.

"காலைலேர்ந்து அழுதேனே சார். இந்த அழுகைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன்."

கிளிசரின் தொடாமல் அழுகிறவள் நான். அது அவருக்கும் தெரியும். கேமராவை என் பக்கம் திருப்பச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிரிப்பு உடனே வரவில்லை. வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருவரும் கட் சொல்லவில்லை.