ஐனாரின் கடைசிப் பக்கம்

"அப்பா, கடைசிப் பக்கத்தை முதல்ல நான் இங்கிலிஷில வாசிப்பன். பிறகு நீங்கள் தமிழில வாசியுங்கோ. ஓகேயோ?"

மகள் அனோஜா கேட்டதும் மரியரட்ணம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். புலம்பெயர்ந்த தமிழர்கள் கூடும் மல்வேர்ன் மண்டபத்துக்கு வந்திருந்த அறுபது பேரில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு மொழியும் தெரியும். கள்ளம் பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்?

ஐஸ்லாந்து எழுத்தாளர் சிக்ரூனின் நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கியவர் அவர். இன்று வெளியீடு. சிக்ரூனே விமானம் ஏறி வந்து, பின்னறையில் வடையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

"ஏனப்பா உப்பிடி வேர்க்குது?"

"பிள்ளை, நான் முடிவை மாத்திப்போட்டன். இங்கிலிஷில, கடலுக்குப் போற ஐனார் கடைசியில தண்ணியில தாண்டு செத்துப்போறான். என்னால அதை எழுத ஏலாமப் போச்சு. உன்ர சித்தப்பா மன்னாரில கடலுக்குப் போனவன், இன்னும் வரேல்லை. இவனையாவது கரைக்குக் கொண்டுவருவம் எண்டு..."

அனோஜா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அப்பா! சிக்ரூனும் மொழிபெயர்ப்பாளர். முப்பது புத்தகம், ஒரு வரி பிசகாமச் செய்தவ. தன்ர கதையில கை வைச்ச பதிப்பகத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தவ. இப்பவே போய்ச் சொல்லுங்கோ!"

மரியரட்ணம் போனார். "மேடம்..."

"சிக்ரூன் என்றே சொல்லுங்கள். எங்கள் ஊரில் பிரதமரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்."

பெயர் சொல்ல நா எழவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

சிக்ரூன் வடையைக் கீழே வைத்தார்.

"ஐனார் உயிரோடு வருகிறானா?"

"ஆம்."

"கதவைத் திறப்பது யார்?"

"அவன் மனைவி."

சிக்ரூனின் கண்கள் கலங்கின. எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நீங்கள் தமிழில் வாசியுங்கள். பிறகு நான் என் மொழியில் வாசிக்கிறேன்."

மரியரட்ணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"ஆங்கிலம் வழியாக வருவதால் தமிழிலும் செத்துத்தான் இருப்பான் என்று நினைத்து வந்தேன். நான் எழுதிய ஐனார் சாகவே இல்லை. அவனைக் கடலில் மூழ்கடித்தது அந்த ஆங்கிலப் பதிப்பகம். நான் கோர்ட்டுக்கு இழுத்தது அவர்களைத்தான்!"