ஞாயிறு மாலை ஐந்து மணி வரை

பதினேழுக்குப் பதினாறு என்று எலாடியோ முன்னிலைக்கு வந்தபோது, சமையலறைக் கடிகாரத்தில் மணி நாலு இருபத்தைந்து.

இன்னும் முப்பத்தைந்து நிமிடம். அதாவது மூன்று ஆட்டம். மெதுவாக நடந்துகொண்டால் இரண்டு. ரொம்ப மெதுவாக நடந்துகொண்டால் ஒன்றுகூட இல்லை.

"நிமியா, முதுகுக்குத் தலையணை வேணுமா?"

அவன் மனைவி, எட்டு மாத வயிற்றின் மேல் கன்ட்ரோலரைச் சாய்த்து வைத்தபடி, வேண்டும் என்று தலையாட்டினாள்.

தலையணை கட்டிலில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

பந்தயம் பிறக்கப்போகிற மகளைப் பற்றியது. அவள் ஒலிம்பியாவா, செர்ரோவா?

எலாடியோ வீட்டில் மூன்று தலைமுறையாக ஒலிம்பியா கால்பந்து கிளப்பின் கறுப்பு வெள்ளை. நிமியா வீட்டில் நாய்க்குட்டிக்குக்கூட செர்ரோவின் நீலச் சிவப்புச் சட்டை. பெயர் வைப்பதில் இருவருக்கும் சண்டையே வரவில்லை. எந்தக் கிளப்பில் உறுப்பினராகப் பதிவது என்பதில் ஐந்து மாதமாக ஓயவில்லை. பெயர் பிடிக்காவிட்டால் பெரியவளானதும் மாற்றிக்கொள்ளலாம். கிளப்பை மாற்றிக்கொண்ட ஒரு மனிதரை அசுன்சியோன் நகரம் முழுக்கத் தேடினாலும் அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை டிவி திரையில் அந்த அறிவிப்பு வந்தது. புதிய கால்பந்து விளையாட்டு, முழுசாக, காசில்லாமல், ஞாயிறு மாலை ஐந்து மணி வரை.

நேரம் முடிந்ததும் விளையாட்டு தானாகவே ஆளை வெளியே தள்ளிவிடும். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று தோற்றவர் கெஞ்ச முடியாது. அந்த நொடியில் ஜெயித்த ஆட்டக் கணக்கில் யார் முன்னிலையோ, மகள் அவர் பக்கம். கேம் பெட்டிதான் நடுவர்.

இந்த விதியைச் சொன்னதே எலாடியோதான்.

தலையணையை வைத்த பிறகு அவன் ஆரஞ்சு உரித்தான். ஒரு நார் விடாமல் எடுத்துச் சுளை சுளையாக அவள் கையில் கொடுத்தான். பிறகு தெரேரே என்னும் குளிர்ந்த இலைப் பானத்துக்குப் பனிக்கட்டியை உடைத்து ஜாடியில் போட்டான். இலை பழையதாகிவிட்டது என்று அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டான்.

"உன் கால் வீங்கியிருக்கே."

"வீங்கித்தான் இருக்கு," என்று அவள் காலை நீட்டினாள்.

அவன் விரல் விரலாக அமுக்கிவிட்டான். மணி நாலு ஐம்பத்திரண்டு.

"சுண்டுவிரலை விட்டுட்ட," என்றாள் நிமியா.

அதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. டிவியில் ஒலிம்பியாவின் கோல்கீப்பர் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினாலே செருப்பை எறிகிறவள் அவள். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

ஐந்து அடித்தது.

எலாடியோ எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினான். அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கையகலக் கறுப்பு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து அவள் வயிற்றின் மேல் விரித்தான்.

"வாடி என் ஒலிம்பியாக்காரி. உங்கம்மா அழறா, கண்டுக்காதே."

திரையில் இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் அப்படியே நின்றார்கள். பந்து நடுவில் கிடந்தது. ஐந்து ஒன்று. ஐந்து மூன்று. யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை.

"இந்தப் பெட்டி தூங்கிடுச்சா?"

நிமியா ஒரு பொத்தானை அமுக்கினாள். முதல் திரை வந்தது. அதன் மூலையில் சின்னதாக மணி காட்டியது. நாலு நாலு.

"வருஷா வருஷம் மார்ச்சுல கடிகாரத்தைப் பின்னால திருப்பி வைக்கற வழக்கத்தை அரசாங்கம் விட்டுடுச்சு. இந்தப் பழைய பெட்டிக்கு அதை யாரு சொன்னா?" என்றாள். "அது பாட்டுக்கு ஒரு மணி நேரம் பின்னால போயிடுச்சு. டெர்மினல்ல நான் டிக்கெட் குடுக்கற கவுன்டர்லயும் மார்ச் மாசம் இதே கூத்துதான். போன்ல இன்னும் நேரம் இருக்கு, பஸ் எங்கன்னு தினம் பத்துப் பேர் சண்டைக்கு வந்தாங்க."

"அப்போ பெட்டியோட அஞ்சு மணி..."

"நமக்கு ஆறு. யாரு நடுவர்னு சொன்ன? உக்காரு."

அவன் உட்கார்ந்தான்.

முதல் ஆட்டம் சமம். இரண்டாவதை அவள் ஜெயித்தாள். மூன்றாவதையும் அவளே ஜெயித்தாள். நான்காவது பிடிவாதமாக சமத்தில் நின்றது. ஐந்தாவதில் அவனுடைய ஆள் ஒருவன், எதிரே கோல்கீப்பரைத் தவிர வேறு யாருமில்லாமல், பந்தோடு ஓடிக்கொண்டிருந்தபோது திரை இருண்டது. பிறகு விளையாட்டின் விலை வந்து நின்றது.

பதினெட்டுக்குப் பதினேழு, நிமியா பக்கம்.

எலாடியோ சின்னச் சட்டையை எடுத்து மடித்தான். நான்காக மடித்த பிறகு மடிக்க ஒன்றுமில்லை.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. அறிவிப்பு வந்தப்பவே."

"நான் நேரத்தைக் கடத்தறேன்னு தெரியும்ல? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நிமியா தலையணையில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

"சொன்னா நிறுத்திடுவியே," என்றாள்.