மைனஸ் பதினெட்டு

ஆனந்தவல்லி ஃப்ரீசர் கதவைத் திறந்து பிடித்திருக்கிறாள். நாற்றம் கூடத்தையே நிறைக்கிறது. பொங்கலுக்கு வருகிறேனென்று சொல்லி, பிறகு சித்திரைக்கென்று தள்ளிப்போட்ட மகன் ராஜராஜனுக்காக, குடவாசல் சந்தையில் தேடி வாங்கி அவள் கழுவி அடுக்கிய விரால் மீனெல்லாம் பையோடு ஊதிக் கிடக்கிறது. எலிதான் செத்துவிட்டதென்று காலையிலிருந்து நெல் மூட்டைகளைப் புரட்டிய கையில் இன்னும் தூசு. மெக்கானிக் பரிதி, உள்ளேயிருந்து வயரோடு வெளியே இழுத்த, குளிரை அளக்கும் சென்சாரை ஆவி பறக்கும் வடிகஞ்சியில் முக்குகிறான். கதவில் எரியும் பச்சை எண் அசையவேயில்லை: மைனஸ் பதினெட்டு. "கொதிகஞ்சியில போட்டாலும் குளிருதுன்னே சொல்லுதும்மா. அப்புறம் மோட்டார் எப்படி ஓடும்?" அலமாரியில் சாய்த்துவைத்த போனில், துபாயிலிருந்து மகன் சிரிக்கிறான். "என் போன்ல இருக்க ஃப்ரீசர் ஆப்புலயும் மைனஸ் பதினெட்டுதாம்மா காட்டுது. சும்மாச் சும்மாத் திறக்காத, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" அவள் ஒரு பையைத் தூக்குகிறாள், கலங்கிய நீர் முழங்கை வரை வழிகிறது. "சரிப்பா" என்று போனைக் கவிழ்த்துவைக்கிறாள். பரிதி புது சென்சாரின் உறையைக் கிழிக்கிறான். "அதை மாட்டாதீங்க தம்பி. பழசே கிடக்கட்டும். அவன் அங்கேருந்தே பாத்துக்கட்டும்."