ரயில் கேட்டில் ஒரு முகூர்த்தம்

கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்து சுமந்து இறுகிய கழுத்து அன்றைக்கு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மகளின் கல்யாணத்தில் ஆண்டியப்பன் மரக்கட்டையாக நின்றார். நெடுஞ்சாலையும் தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் எங்கள் ஊரில், கோயில் ரயில்வே கேட்டை ஒட்டித்தான் இருக்கிறது. சிக்னல் கிடைக்காமல் ஒரு சரக்கு ரயில் சாலையை மறித்து நின்றுவிட்டது. மணமக்கள் இந்தப் பக்கம், மேளக்காரர்கள் அந்தப் பக்கம்.

"அடியில நுழைஞ்சீங்க, தவிலைக் கிழிச்சிருவேன்!" என்று ரயிலுக்கு அடியில் குனிந்த மேளக்காரர்களைப் பார்த்து கேட்கீப்பர் பாக்கியம் கத்தினாள்.

முகூர்த்தம் முடியப்போகிறது. "கெட்டிமேளம் இல்லாம எங்க வீட்ல தாலி கட்டுனதில்ல" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார்.

ஆண்டியப்பன் கோயில் வாசலுக்கு நேராக நின்ற இன்ஜினிடம் போனார். "ஐயா, எம்மக கல்யாணம். மேளம் அங்கிட்டு மாட்டிக்கிச்சு. நான் துண்டை ஆட்டுனா கெட்டிமேளத்துக்குப் பதிலா ஆரனை அமுக்குங்க."

டிரைவர் சிரித்தார். "சாப்பாடு உண்டா?"

"தலைவாழை இலையே உண்டு!"

இன்ஜினையும் பார்க்க வேண்டும், மகளையும் பார்க்க வேண்டும். கழுத்தோ ஒரு பக்கம்தான் பார்க்கும். அவர் மகளைப் பார்த்தபடி நின்று, கூட்ஸ் ஷெட்டில் லாரியைப் பின்னுக்கு வரச்சொல்வதுபோல, துண்டை முதுகுக்குப் பின்னால் ஆட்டினார்.

ஹாரன் சத்தத்தில் ஊரே அதிர்ந்தது. தாய்மாமன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பக்கத்திலிருந்து தவிலும் சேர்ந்துகொண்டது. முடிச்சு விழுந்தது, சிக்னலும் விழுந்தது.

இலையோடு ஆண்டியப்பன் ஓடுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. இப்போது பேரன் நடக்கிறான். சரக்கு ரயில் எது போனாலும் தாத்தாவும் பேரனும் துண்டை ஆட்டுகிறார்கள். அந்த டிரைவருக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு பாக்கி.