பறந்த பையன்

"நேத்து நான் குடுத்த அடியில ஒருத்தன் சன்னல் வழியா பறந்துபோட்டானுங்க. சூலூர் ஏர்போர்ஸ்ல பிளேன் எறக்கற எடத்துலதான் போய் எறங்குனான்" என்றார் கணக்கு வாத்தியார் வேங்கடசாமி, டீயை ஆற்றிக்கொண்டே.

ஆசிரியர் அறையே சிரித்தது. சாஜிதா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத அவருக்கு வேங்கடசாமி சொல்லும் எதிலும் நம்பிக்கை கிடையாது. "பக்கத்துக் கிளாஸ்லதான் இருக்கறனுங்க சார். உங்க பசங்க அழுகறது எனக்கென்னமோ சிரிக்கற மாதிரியே கேக்குது."

வேங்கடசாமி ஒன்பதாம் 'பி' கதவைச் சாத்தினால் பிரம்புச் சத்தம் கருமத்தம்பட்டி வரைக்கும் கேட்கும். 'ஐயோ சார்' என்ற அலறலில் ஊர்த் தறியெல்லாம் ஒரு நிமிடம் நின்றுதான் ஓடும். அந்தச் சத்தம் இருக்கும்வரைதான் வகுப்பு அவருக்கு. குறைந்தால் அது டிரில் மாஸ்டர் காளிச்சாமிக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காளிச்சாமி கையால் போன வருடம் ஒரு பையனுக்கு விரல் ஒடிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரிலிருந்து கோமளா வந்தாள். எம்.பில். மாணவி. பிள்ளைகளைத் தண்டிப்பது பற்றி வாத்தியார்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்ப்பது அவள் ஆராய்ச்சி. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள்.

"உள்ளதச் சொல்லுங்க சார். உங்க பேரு வெளிய வராதுங்க. சத்தியமா."

அவளை நம்பி, வேங்கடசாமி வாழ்நாளில் முதல்முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னார்.

மாலையில் தலைமையாசிரியர் அறையில் எல்லோரும் கூடியிருக்க, கோமளா நன்றி சொல்ல எழுந்தாள். பூரிப்பில் சத்தியம் மறந்துபோனது. வேங்கடசாமி சார் மாதிரி ஒருவரைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைமேலும் அவர் பிரம்பு பட்டதில்லையாம். சாக்கு மூட்டையைத்தான் அடிப்பாராம். பிள்ளைகள் பேசிவைத்துக்கொண்டு அலறுவார்களாம்.

ஆயுசுக்கும் விட்ட புளுகுகளில் ஒன்றுகூட வேங்கடசாமியைக் காட்டிக்கொடுத்ததில்லை. சொன்ன ஒரே உண்மை முதுகில் குத்திவிட்டது.

காளிச்சாமி தன் பிரம்பை நீவிவிட்டுக்கொண்டார். தலைமையாசிரியர் முகம் கடுகடுக்கத் திரும்பினார்.

"ஏனுங்க டீச்சர், நீங்கதான் பக்கத்துக் கிளாஸ். பொய் பேசமாட்டீங்க. இந்த மனுசன் அடிக்கறாரா, இல்லையா?"

வேங்கடசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா வாயில் உண்மையைத் தவிர வேறென்ன வரும்?

சாஜிதா டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் பையன் பறந்தது நெசந்தானுங்க சார். என்ற கிளாஸ் சன்னலத் தாண்டித்தான் போனான்."