உள்ளது உள்ளபடி

பிளம்பர் லாய்ட் வாசலிலேயே தயங்கி நின்றார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூப்பிட்டாள் ரோஷெல்.

"டொலீடோவுல நல்ல பிளம்பர்னா உங்களைத்தான் சொன்னாங்க சார். பேங்க் ஜப்தி பண்ணி வித்த வீடு இது. குடிவந்த அன்னிக்கே சிங்க்ல தண்ணி இறங்கல."

லாய்ட் குனிந்து குழாயைக் கழற்றினார். உள்ளே சிமென்ட், கல்லாக இறுகிக் கிடந்தது.

"அடப்பாவி! வீடு போன ஆத்திரத்துல எவனோ கரைச்சு ஊத்திட்டுப் போயிருக்கான்!"

"பேங்க்ல கேட்டுப் பாருங்களேன்." அவர் நிமிரவே இல்லை.

"கேக்காமலா? 'உள்ளது உள்ளபடி'ன்னு எழுதித்தான் வித்தாங்களாம். தெரிஞ்சே மறைச்சிருந்தாத்தான் கேஸ் நிக்கும்னு வக்கீல் சொல்லிட்டார். அவங்க இந்த வீட்டுக்குள்ள காலே வெச்சதில்லையாம்! ஸ்கூல் பஸ் ஓட்டி ஓட்டி வாங்கின வீடு சார். என் பொண்ணு பாத்திரத்தைத் தூக்கிட்டு மாடி பாத்ரூமுக்கு ஓடறா. அந்தப் படுபாவி மட்டும் என் கையில கிடைச்சான்..."

லாய்டுக்குக் காது மடல் சிவந்தது. குழாய் முழுவதையும் அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டார். முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ரோஷெல் பர்ஸைத் திறந்தாள்.

"வேண்டாம்மா."

"ஐயோ, ஏன் சார்?"

லாய்ட் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"அங்க எங்க போறீங்க? மாடியில தண்ணி இறங்குதே! கொஞ்சம் மெதுவா இறங்குது, அவ்வளவுதான்."

லாய்ட் பாதிப் படியில் நின்றார். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"அங்க அரை வாளிதான் ஊத்தினேன்மா."