கருணைசாலி ஆமையார்

ஏழு குளத்துக்கும் பேர்போன கருணைசாலி நம் ஆமையார்தான். முன்னங்கால் ஒன்றில்லாத நீர்ப்பல்லிக் குஞ்சை எடுத்து வளர்த்தாரே, சும்மாவா! விருந்தாளி வந்தால் போதும், ஒரு புழுவைக் கவ்விக் குஞ்சின் வாயருகே ஆட்டி ஆட்டி ஊட்டுவார். பார்த்தவர்கள் அழுத அழுகையில் குளம் அரையடி ஏறிவிடும். யாரும் வராத நாளில் குஞ்சுக்குப் பட்டினி. பார்க்க ஆளில்லாமல் கருணையைக் காட்டி என்ன பயன்?

ஒருநாள் குஞ்சு துள்ளிக்கொண்டு வந்தது. "மாமா, கால் முளைச்சிடுச்சு! இனிமே எனக்கு வேணுங்கிற புழுவை நானே பிடிச்சுக்குவேன்!"

நீர்ப்பல்லிக்கு அறுந்த கால் திரும்ப முளைக்கும் என்பது ஆமையாருக்குத் தெரியாது. மறுநாள்தான் தவளைச் சங்கத்தார் அவருக்குப் பொன்னாடை போர்த்த வருவதாக ஏற்பாடு.

"நன்றிகெட்ட பயலே! நாளை ஒருநாள் பொறுத்துக்கக் கூடாதா? காலை மடக்கி வயித்துக்கடியில வெச்சுக்கோ!"

குஞ்சும் அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் விழாவில் ஆமையார் ஆட்டிய புழு நழுவி ஓடியது. பசித்திருந்த குஞ்சு நாலு காலில் பாய்ந்து அதைப் பிடித்துத் தின்றது.

சபை முழுவதும் அந்தப் புதுக்காலையே எட்டிப் பார்த்தது.

"என்ன பார்க்கறீங்க?" என்றார் ஆமையார். "நான்தான் ஊட்டி ஊட்டி முளைக்க வெச்சேன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. சங்கத் தலைவர் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, கூச்சத்தோடு அவர் பக்கம் குனிந்தார்.

"ஐயா, சின்ன வயசுல எனக்கொரு வால் இருந்துச்சு..."